எல்லையூருக்கு ஒரு பாடம்: கொள்ளை நோய் வருமுன் செய்ய வேண்டியவை

கொள்ளை நோய் என்ற சொல்லைக் கேட்டதும் மருத்துவமனை, ஊசி, முகக்கவசம் ஆகியவையே நம்மில் பலருக்கு நினைவில் எழுகின்றன. இவை நோய் வந்த பிறகு தேவைப்படுபவை. நோய் வருவதற்கு முன்பே பட்டறையிலும் கடையிலும், தெருவிலும் சங்கத்திலும் செய்துவைக்க வேண்டிய ஏற்பாடுகள் வேறு. அவற்றுள் தலையாயது எது என்பதை நாம் வாழும் பகுதியின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்த ஆராய்ச்சிக்கு அத்திபெலே பொருத்தமான ஊர். பெங்களூர் நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில், கர்நாடகத்தின் வாசற்படியாக இவ்வூர் அமைந்திருக்கிறது. சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஜூஜூவாடி. அதை அடுத்து ஓசூர். வடபுறம் பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகள். தென்புறம் ஓசூர் சிப்காட். ஒரு மாநிலத்தில் உறங்கி, மறு மாநிலத்தில் உழைத்து, மாலையில் திரும்புவோர் ஏராளம். தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் மட்டுமன்றி, ஒடிசா, பீகார், அசாம் முதலிய இடங்களிலிருந்து வந்தவர்களும் இங்கே ஒரே வரிசை வீடுகளில் குடியிருக்கிறார்கள். நோய்க்கு எல்லைக்கோடு தெரியாது. ஆனால் நோயைத் தடுக்க வருகின்ற சட்டத்துக்கு எல்லைக்கோடுதான் முதலில் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்வது நம் எல்லையூர்.

1898: பெங்களூருக்கு வந்த பிளேக்

1894இல் ஹாங்காங்கில் பிளேக் நோயின் கிருமியை அலெக்சாண்டர் எர்சின் கண்டறிந்தார். 1896இல் அந்நோய் பம்பாயில் பரவியது. மறு ஆண்டே, 1897இல், தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் பம்பாயில் ஹாஃப்கின் என்ற அறிஞர் தாம் உருவாக்கிய தடுப்பூசியை முதலில் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டு சோதித்தார்.

1898 ஆகஸ்டில் ஹூப்ளிப் பக்கமிருந்து இரயில் வழியாக அந்நோய் பெங்களூரை அடைந்தது. அப்போது மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் சேஷாத்திரி ஐயர். பிளேக் தடுப்புப் பணிக்கெனக் கமிஷனராக அமர்த்தப்பட்டவர், கும்பகோணத்தில் பிறந்த வி. பி. மாதவராவ், பின்னாளில் இவரும் மைசூரின் திவானானார். வீடுகளில் மருந்து தெளித்தார்கள். வெயில் உள்ளே விழும்படி கூரைகளைப் பிரித்தார்கள். நோயாளிகளையும் அவர்களோடு பழகியவர்களையும் ஊருக்கு வெளியே முகாம்களில் தங்க வைத்தார்கள். காற்றோட்டமான அகன்ற தெருக்களைக் கொண்ட மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வளர்ந்ததற்கு இந்நோய் ஒரு முக்கியக் காரணம். பெங்களூரில் பல இடங்களிலும், நம் கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் இன்றும் வழிபடப்படும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தக் காலத்து அச்சத்தின் சின்னங்கள்.

1891 கணக்கெடுப்பில் பெங்களூர் நகரும் தண்டும் சேர்ந்து 1,80,366 பேர் இருந்தனர். 1901இல் அத்தொகை 1,59,046ஆகக் குறைந்தது. வளர வேண்டிய ஓர் ஊர் பத்தாண்டில் இருபத்தோராயிரம் பேரை இழந்து நின்றது. இறந்தவர் போக, அஞ்சி ஓடியவரும் இதில் அடங்குவர்.

நம் எல்லையைப் பற்றியும் இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். அக்காலத்தில் அத்திபெலே மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. ஓசூர், சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தது. நோய் கண்ட ஊரிலிருந்து வருபவர்களுக்குச் சென்னை மாகாண அரசு பிளேக் பாஸ்போர்ட் என்ற சீட்டு முறையைக் கொண்டுவந்தது. சீட்டுப் பெற்றவர் தாம் போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் அதிகாரியின் முன் வந்து நின்று தம் உடல்நிலையைக் காட்ட வேண்டும். நாம் 2020இல் கைப்பேசியில் வாங்கிய இ-பாஸுக்கு நூற்றாண்டு கடந்த ஒரு முன்னோடி இருந்தது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

மக்கள் ஏன் மறைத்தார்கள்?

பிளேக் காலத்து அதிகாரிகளின் பெரிய முறையீடு, மக்கள் நோயை மறைக்கிறார்கள் என்பதே. காய்ச்சல்காரரைப் பரணிலும் பின்கட்டிலும் ஒளித்து வைத்தார்கள். இறந்தவரை இரவோடு இரவாக எடுத்துச் சென்றார்கள். இதை அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. சற்று நின்று எண்ணிப் பாருங்கள். உண்மையைச் சொன்னவருக்கு என்ன கிடைத்தது? அவரது வீட்டின் கூரை பிரிக்கப்பட்டது. துணிமணியும் சாமான்களும் கொளுத்தப்பட்டன. குடும்பம் பிரிந்து முகாமுக்குப் போனது. கூலி நின்றது. மறைத்தவருக்கோ, பிடிபடும் வரையில் வீடும் கூலியும் மிஞ்சின. இந்த நிலையில் எவர் வாய் திறப்பார்?

புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டதும், மறு ஆண்டு மைசூர் சமஸ்தானத்திலேயே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கலகம் மூண்டதும் இந்தக் கெடுபிடியின் விளைவுகள். கட்டாயத்தால் நோய் அடங்கவில்லை என்பதை அரசும் கண்டது. 1900க்குப் பிறகு, தாமாக வெளியேற விரும்புவோருக்கு உதவுவது, விரும்புவோருக்குத் தடுப்பூசி போடுவது என்று அதன் போக்கு மாறியது.

இதிலிருந்து இப்பாடத்தின் மையக் கருத்தை எடுத்துக்கொள்வோம். நோயைச் சொன்னவருக்கு நட்டம் வரும் இடத்தில் நோய் ஒளிந்துகொள்ளும்; சொன்னவருக்கு நட்டமில்லாத இடத்தில் அது முதல் நாளே வெளிப்பட்டுவிடும். ஆகவே ஒரு பட்டறையோ தெருவோ செய்ய வேண்டிய முதல் ஆயத்தம், ஒளிக்காமல் சொல்ல வழி செய்வது. மற்ற ஆயத்தங்கள் எல்லாம் இதற்கு அடுத்தவை.

சூரத்தும் சிங்கப்பூரும்

1994 செப்டம்பரில் குஜராத்தின் சூரத் நகரில் பிளேக் என்ற செய்தி பரவியது. வைரம் தீட்டுவோரும் தறித் தொழிலாளர்களும் நிறைந்த ஊர் அது. சில நாட்களுக்குள் இலட்சக்கணக்கானவர்கள் இரயிலிலும் பேருந்திலும் ஊரைவிட்டுப் போனார்கள். தனியார் மருத்துவர்கள் பலரும் கதவைப் பூட்டிவிட்டுச் சென்றார்கள். நாடு முழுவதும் சேர்த்து உயிரிழந்தோர் ஐம்பதைச் சுற்றித்தான். ஆனால் வணிகத்தில் ஏற்பட்ட இழப்போ மிகப் பெரியது. இந்தியச் சரக்கையும் விமானத்தையும் பல நாடுகள் தடுத்தன. நம்பத்தக்க ஒரு குரல் ஊரில் இல்லாதபோது வதந்தியே அரசாள்கிறது என்பதைச் சூரத் காட்டியது. அதே சூரத் பின்னர் 1995 முதல் நகராட்சி ஆணையர் எஸ். ஆர். ராவ் காலத்தில் துப்புரவுக்குப் பெயர் பெற்றது, ஊர்கள் திருந்தக்கூடும் என்பதற்குச் சான்று.

நம்மவர் பலர் உழைக்கும் சிங்கப்பூரைப் பாருங்கள். 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது, வீட்டில் தனித்திருக்கும்படி உத்தரவு பெற்றவர்களின் வருமான இழப்பை ஈடு செய்ய அந்த அரசு உதவித்தொகை வழங்கியது. அந்நோயைச் சில மாதங்களில் அடக்கியும் காட்டியது. 2020இல் கோவிட் வந்தபோதோ, அதே நாட்டில் அவ்வாண்டு கண்டறியப்பட்ட தொற்றுகளில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் இருந்தது. ஓர் அறையில் பலர், பொதுச் சமையலறை, பொதுக் குளியலறை என்று வாழ்ந்த இடங்கள் அவை. தமிழ்த் தொழிலாளர்களும் அவற்றில் இருந்தார்கள். ஏற்பாடு மிகுந்த நாட்டிலும், கண்ணில் படாத மூலையில்தான் நோய் வேரூன்றியது. அத்திபெலேயில் ஓர் அறையை ஐந்தாறு பேர் பகிர்ந்துகொண்டு, ஒருவர் இரவுப் பணிக்குப் போக மற்றவர் அதே பாயில் படுக்கும் வீடுகளை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

2020: சாவடி மூடியபோது

இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் கண்டறியப்பட்டார். நாட்டின் முதல் கோவிட் மரணம் மார்ச்சில் நம் கர்நாடகத்தின் கலபுரகியில் நேர்ந்தது. மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் அறிவித்த ஊரடங்கு அன்று நள்ளிரவிலேயே தொடங்கிவிட்டது. இடையில் இருந்தது நான்கு மணி நேரம்.

அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு பட்டறை முதலாளியால் என்ன செய்திருக்க முடியும்? எந்தத் தொழிலாளி எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறார் என்ற பட்டியல்கூடப் பலரிடம் இல்லை. காசோலையில் கையெழுத்திடுபவர் ஒரு மாநிலத்தில், கணக்கு எழுதுபவர் மறு மாநிலத்தில் இருந்தால் சம்பளம் போடுவதே தடைபடும். பின்னர் ஊரடங்கு தளர்ந்தபோதும் இரு மாநில விதிகள் ஒன்றாக இருக்கவில்லை. கர்நாடகம் சேவா சிந்து தளத்தில் பதியச் சொன்னது. தமிழ்நாடு இ-பாஸ் கேட்டது. மே மாதத்தில், தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களிலிருந்து வருவோர் ஏழு நாள் அரசு ஏற்பாடு செய்த இடத்தில் தங்க வேண்டும் என்று கர்நாடகம் விதித்தது. அன்றாடம் எல்லை தாண்டிப் பிழைப்பவருக்கு இவ்விதிகள் எவ்வளவு இடைஞ்சல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கூலி விஷயமும் அப்படியே. ஊரடங்குக் காலத்துக்கு முழு ஊதியம் தர வேண்டும் என்று மத்திய உள்துறை 2020 மார்ச் 29 அன்று ஆணையிட்டது. மே 18 முதல் அந்த ஆணை விலக்கப்பட்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், முதலாளிகளும் தொழிலாளிகளும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும்படி கூறியது. பேசித் தீர்ப்பதற்கு நல்ல காலம் எது? நோய் வந்து இரு தரப்பும் கையில் காசில்லாமல் நிற்கும் காலமா, எல்லோரும் நலமாக இருக்கும் காலமா?

இரண்டு நாள் கூலி

இந்தக் கேள்விக்கு விடை ஈ.எஸ்.ஐ. திட்டத்தை நோக்கினால் தெளிவாகும். இத்திட்டத்தில் சேர்ந்த தொழிலாளி, உரிய நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருந்தால், நோய்க்கால உதவியாகச் சராசரி ஊதியத்தில் நூற்றுக்கு 70 பங்கு, ஆண்டுக்கு 91 நாள் வரையில் பெறலாம். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த முறையில், புதிதாக நோயுற்றவருக்கு முதல் இரண்டு நாளுக்கு இவ்வுதவி கிடையாது. சளிக் காய்ச்சல் போன்றவை மற்றவருக்கு எளிதில் தொற்றுவதோ பெரும்பாலும் தொடக்க நாட்களில்தான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காய்ச்சலை மறைத்து, ஒரு தொழிலாளி வேலைக்கு வருவது இந்த இரண்டு நாள் கூலிக்காகத்தான். ஒப்பந்தக்காரர் மூலம் வரும் நாட்கூலிக்காரருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டையே இல்லாவிடில் எல்லா நாளும் இப்படித்தான்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடுவோம். நாற்பது பேர் உழைக்கும் பட்டறை ஒன்று; நாட்கூலி சராசரி 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல்காரர் ஒருவருக்கு இரண்டு நாள் கூலியோடு விடுப்புக் கொடுத்தால் செலவு 1,400 ரூபாய். அவர் மறைத்து வந்து, பத்துப் பேருக்குத் தொற்றி, அவர்கள் ஐந்து நாள் படுத்துவிட்டால் ஐம்பது ஆள்நாள் போகும். கூலிக் கணக்கில் மட்டும் அது 35,000 ரூபாய்ப் பணி. நின்ற எந்திரமும் தவறிய சரக்கு நாளும் இதில் சேரவில்லை. தருமத்துக்காகச் செய்யாவிட்டாலும், இலாபத்துக்காகவாவது இதைச் செய்யலாம்.

பட்டறைக்கும் கடைக்கும் ஆறு ஏற்பாடுகள்

1. காய்ச்சல் விடுப்பு: காய்ச்சல் என்று சொல்பவருக்கு முதல் இரண்டு நாள் கூலி உண்டு என்று எழுதி ஒட்டுங்கள். மருத்துவர் சீட்டை முதல் நாளே கேட்காதீர்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொருந்தட்டும்.

2. வராதவர் ஏடு: வருகைப் பதிவேடு எல்லோரிடமும் உண்டு. வராதவர் ஏன் வரவில்லை என்று ஒரு சொல்லில் எழுதி வையுங்கள். ஒரே பகுதியில் ஒரே வாரத்தில் மூவருக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவியுங்கள். கொள்ளை நோய் தன்னை முதலில் காட்டிக்கொள்வது இத்தகைய ஏட்டில்தான்.

3. இரண்டாம் கை: சாவி, வங்கிக் கையெழுத்து, ஜி.எஸ்.டி. கணக்கு, மின்பலகை, கொதிகலன் என ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது ஆள் ஒருவரைப் பழக்குங்கள். முடிந்தால் இருவரும் எல்லையின் இரு புறத்தவராக இருக்கட்டும்.

4. கூலிச் சேமிப்பு: ஒரு மாதச் சம்பளத்துக்கான தொகையைத் தனிக் கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்து வையுங்கள். ஊரடங்கு காலத்தில் ஆட்களைக் காப்பாற்றியவருக்குத்தான், திறந்த மறுநாள் ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

5. எல்லைப் பட்டியல்: யார் எந்த மாநிலத்தில் எந்தத் தெருவில் தங்குகிறார், சொந்த ஊர் எது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருத்துங்கள். பணிச் சான்றுக் கடிதத்தைக் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அச்சிட்டு வையுங்கள்.

6. காற்றும் தண்ணீரும்: மூடிய சன்னல்களைத் திறந்து வையுங்கள். சாப்பாட்டு இடைவேளையை இரண்டு மூன்று தவணையாகப் பிரியுங்கள். கை கழுவுமிடத்தில் சோப்பு எப்போதும் இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டியைக் குறித்த நாளில் கழுவி, குளோரின் இடுங்கள். பொதுக் குவளையை விட்டுவிடுங்கள்.

தெருவும் சங்கமும் செய்ய வேண்டியவை

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். முதல் மூன்றைப் பற்றி அரசும் மருத்துவமனையும் கவலைப்படுகின்றன. நான்காவதாகிய கவனிப்பவரை ஏற்படுத்துவதுதான் நம் சங்கங்களால் ஆகக்கூடிய பணி.

சொந்த ஊரைவிட்டு வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இருக்காது. அறைத் தோழர்கள் அஞ்சுவார்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். இவ்வச்சமும் மறைப்பதற்கு ஒரு காரணம். எனவே தெருவுக்கு இருவர் என்று தொண்டர்களைக் குறித்து வைப்போம். தனியே வாழும் முதியோர், கருவுற்றோர், நீரிழிவு போன்ற நாட்பட்ட நோயுள்ளோர் யார் யார் என்று அவர்கள் அறிந்திருக்கட்டும். நோயுற்றவர் தனித்திருக்க, சமூகக் கூடத்திலோ திருமண மண்டபத்திலோ இரண்டு அறைகளுக்கு முன்கூட்டியே பேசி வைப்போம். காய்ச்சலுக்காக எவரையும் வீட்டைவிட்டு அனுப்புவதில்லை என்று வீட்டுக்காரர்களிடம் நல்ல காலத்திலேயே சொல் வாங்கிக்கொள்வோம்.

யாரிடம் போவது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கர்நாடகத்தில் வீடு வீடாக வருபவர் ஆஷா பணியாளர். ஓசூர்ப் பக்கம் பெரும்பாலும் இப்பணியைச் செய்பவர் கிராம சுகாதாரச் செவிலியர். நலவாழ்வு ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 என்ற எண்கள் இரு மாநிலங்களுக்கும் பொது. அறிவிப்பு எதுவானாலும் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் வரட்டும். முடிந்தால் ஒடியாவிலும் வங்காளத்திலும் வரட்டும். வதந்தி வந்தால் விசாரித்துச் சொல்லும் பொறுப்பு ஒருவருடையதாக இருக்கட்டும். சூரத்தில் இல்லாமற்போனது அந்த ஒரு குரல்.

டெங்குவைக் கொண்டு ஒத்திகை

புதிய கொள்ளை நோய் எப்போது வரும் என்று எவரும் நாள் குறிக்க முடியாது. ஆனால் ஒத்திகை பார்க்க டெங்கு ஆண்டுதோறும் வருகிறது. 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைத் தொற்றுநோயாகவே அறிவித்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிடத் தெளிந்த நீரையே நாடும். பழைய டயர், வாளி, தொட்டி, மூலையில் கிடக்கும் இரும்புக் கழிவு ஆகியவற்றில் தேங்கும் மழைநீர் அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒரு நாள் தேங்கிய நீரையெல்லாம் கொட்டிக் கவிழ்த்தால் அச்சங்கிலி அறுந்துவிடும். தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை மட்டும் செய்து பயனில்லை. பக்கத்துப் பட்டறையும் சேர வேண்டும். அப்படிச் சேர்ந்து செய்யும் பழக்கம், வராதவர் ஏடு, காய்ச்சல் விடுப்பு, தெருத் தொண்டர் ஆகிய நான்கையும் இந்த மழைக்காலத்தில் பழகிவிட்டால், பெரிய நோய் வரும் நாளில் புதிதாகக் கற்க வேண்டியது சிறிதே.

சிந்தித்து விடை காண

இப்பாடத்தைப் படித்த அன்பர்கள் வீட்டிலும் பணியிடத்திலும் கீழ்க்கண்ட கேள்விகளைக் கலந்து பேசுமாறு வேண்டுகிறோம்.

அ. நாளைக் காலையில் எனக்குக் காய்ச்சல் என்று நான் சொன்னால், எனக்கு வரும் நட்டம் என்ன? என்னிடம் உழைப்பவர் சொன்னால், அவருக்கு வரும் நட்டம் என்ன?

ஆ. இன்றிரவு சாவடி மூடினால், நாளை எங்கள் பட்டறையில் எந்தெந்த வேலை நிற்கும்?

இ. எங்கள் தெருவில் நோயுற்றுத் தனித்திருப்பவருக்கு மூன்று வேளை உணவு கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறவர் யார்? அவர் பெயர் என்ன?

மூன்றாம் கேள்விக்கு ஒரு பெயரை எழுத முடிந்த தெருவே ஆயத்தமான தெரு. எழுத முடியாத தெருவில், அந்தப் பெயர் நம் பெயராக இருக்கட்டும்.